கப்பலிற் பங்கும் கறிக்கு மீனும்

கல்முனையிலிருந்து அம்பாறை நோக்கிச் செல்லும் பாதையில், காரைதீவைக் கடந்து, சம்மாந்துறைக்கு அணித்தாக அமைந்த ஊர் வீரமுனை. சுற்றிலும் நெல்வயல்கள். கடலோசை அங்குக் கேட்பதில்லை. ஆயினும் அவ்வூரிற் கோயில் கொண்டிருக்கும் பிள்ளையாருக்குச் சிந்தாயாத்திரைப் பிள்ளையார் என்பது திருநாமம். சிந்து என்றால் கடல். சிந்து யாத்திரை என்றால் கடற்பயணம். சோழநாட்டு அரசிளங்குமரியாகிய சீர்பாததேவி கப்பலேறி வந்தபோது திருகோணமலைக் கடலிற் கப்பல் தடைப்பட்டு நின்றது என்றும், கடலின் அடியிற் கிடைத்த விநாயகர் திருவுருவைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு, இக்கப்பல் எவ்விடத்தில் தங்குகிறதோ அவ்விடத்திலே கோயில் எடுப்பதாக நேர்ந்துகொண்டனர் என்றும், கப்பல் வாவி வழியாக வந்து வீரமுனையில் நின்றது என்றும் தலவரலாறு கூறும்.

கப்பற் பயணத்தைத் தெய்வத்தின் பெயரிலேயே வைத்துப் போற்றும் இப்பகுதியில், கப்பலேறுதல் என்பது நெடுங்காலம் தேவை பற்றிய காரியமாகவே இருந்தது. வணிகர் சரக்குக்காகக் கப்பலேறினர். முஸ்லிம் பெரியோர் ஹஜ்ஜுக் கடமைக்காகக் கப்பலேறினர். போய்ச் சேரவேண்டிய இடம் ஒன்று இருந்தது. கப்பல் அதற்கு வழியாக இருந்தது. இக்காலத்து உல்லாசக் கப்பலோ வேறு வகை. அதிற் செல்வோருக்கு இடத்தைவிடக் கப்பலே முக்கியம். உண்பதும் உறங்குவதும் நீந்துவதும் பாட்டுக் கேட்பதும் கப்பலிலேதான். துறைமுகம் இடையில் வந்துபோகும் ஒரு பொழுதுபோக்கு. 2023 ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் சென்னையிலிருந்து புறப்பட்ட 'எம்பிரஸ்' என்னும் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளுக்கு வந்தபோது இவ்வகைப் பயணத்தை இலங்கைத் தமிழர் பலர் தம் கரையிலேயே நின்று கண்டனர்.

கனடாவிலும் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் குடியேறிய உறவினர் இத்தகைய பயணங்களைப் பற்றிப் பேசும்போது இடையிடையே ஒரு செய்தி வந்து விழும். 'அந்தக் கப்பற் கும்பனியில் நூறு பங்கு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பயணத்துக்கும் கும்பனி எனக்குக் காசு தருகிறது' என்பார்கள். கேட்பவருக்கு இது வியப்பாக இருக்கும். பங்கு வைத்தவருக்கு இலாபத்திற் பங்கு கொடுப்பது உலக வழக்கம். பயணம் செய்தவருக்குக் காசு கொடுப்பது என்ன வழக்கம்? அதன் இயல்பையும் அளவையும் அறிந்துகொள்ளாமல், அந்தச் சலுகைக்காகவே சேமிப்பைப் பங்கில் இடுவோரும் உண்டு. ஆகவே செய்தியைச் சற்று நிதானமாகப் பார்ப்பது பயனுடையது.

முதலிற் 'காசு' என்ற சொல்லைத் திருத்திக்கொள்ளவேண்டும். உல்லாசக் கப்பலிற் கையிற் காசு கொடுத்து எதுவும் வாங்குவதில்லை. தேநீர்க்கடைக் கொப்பியில் வாடிக்கையாளரின் பெயரிற் பற்று எழுதி வைப்பதுபோல, பயணியின் அறை இலக்கத்தில் ஒரு கணக்கு வைக்கப்படும். பயணக் கட்டணத்தில் அடங்காத எல்லாம், அதாவது குடிவகை, புகைப்படம், துறைமுகத்திற் சுற்றிப்பார்க்கும் பிரயாணம், முடி திருத்தல், கடைச் சாமான் முதலியன அனைத்தும் அக்கணக்கில் ஏறும். பயணம் முடியும் நாளிற் கணக்குத் தீர்க்கப்படும். பங்குடையவருக்குக் கிடைப்பது இந்தக் கணக்கில் முன்கூட்டியே எழுதப்படும் ஒரு வரவு. அவ்வளவே. அது கையிற் கிடைக்கும் பணமன்று. பயணச் சீட்டின் விலையிற் கழிவுமன்று. கப்பலுக்குள்ளேயே செலவழிக்கவேண்டிய தொகை.

உலகிலேயே பெரிய உல்லாசக் கப்பற் கும்பனியாகிய கார்னிவல் கோர்ப்பரேசன் பல ஆண்டுகளாக வழங்கிவந்த ஏற்பாட்டை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். குறைந்தது 100 பங்கு வைத்திருப்பவர் அதன் கப்பலொன்றிற் பயணம் செய்தால், 6 நாளுக்கு உட்பட்ட பயணத்துக்கு 50 டொலர், 7 முதல் 13 நாள் வரையான பயணத்துக்கு 100 டொலர், 14 நாளும் அதற்கு மேலுமான பயணத்துக்கு 250 டொலர் அறைக்கணக்கில் வரவு வைக்கப்படும். ரோயல் கரிபியன், நோர்வீஜியன் என்ற மற்றைப் பெருங் கும்பனிகளும் இதே 100 பங்கு என்ற எல்லையை வைத்தே தத்தமக்கு ஏற்ற அளவில் இவ்வாறு வழங்கி வந்துள்ளன. இவ்வேற்பாட்டுக்குக் காலவரையறை உண்டு. கும்பனி விரும்பினால் நீட்டலாம், மாற்றலாம், நிறுத்தலாம். ஆதலின் பயணத்துக்கு முன் அவ்வாண்டுக்குரிய அறிவித்தலைப் பார்த்துக்கொள்வதே முறை.

நிபந்தனைகளும் சில உள. ஓர் அறைக்கு ஒரு வரவுதான். கணவனும் மனைவியும் தனித்தனியே நூறு நூறு பங்கு வைத்திருந்து ஓரறையிற் சென்றால், இருவரில் ஒருவருக்கே கிடைக்கும். மற்றொருவருக்கு அதை மாற்றிக் கொடுத்தல் இயலாது; பணமாகக் கேட்டாலும் தரப்படமாட்டாது. கும்பனியின் ஊழியரும், பயண முகவருக்குரிய குறைந்த கட்டணத்திற் செல்வோரும், இலவசமாகச் செல்வோரும் இதற்கு உரியவரல்லர். பணியாளருக்குக் கொடுக்கும் அன்பளிப்புத் தொகைக்கும் சூதாட்ட மண்டபத்துச் செலவுக்கும் கார்னிவல் இவ்வரவை ஏற்றுக்கொள்வதில்லை.

இதன் தன்மையை விளங்கிக்கொள்ள அமெரிக்கா வரை போகவேண்டியதில்லை. கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் கரைவலை இழுப்பதை விடியற்காலையிற் போய்ப் பார்த்தாற் போதும். தோணிக்கும் வலைக்கும் உரியவருக்கு ஒரு கூறு; இழுத்தவர்களுக்கு ஒரு கூறு. இது பங்கு. பாடு பெரிதானாற் பங்கு பெரிது. வலை வெறுமையாக வந்தாற் பங்கும் வெறுமை. இப்பங்கைக் கணக்குப் பார்ப்பதற்கு முன்பே, இழுத்தவர் ஒவ்வொருவரும் வீட்டுக்குக் கறிக்கென்று ஒரு பிடி மீன் எடுத்துக்கொள்வர். அதை யாரும் நிறுப்பதில்லை; விலை பேசுவதுமில்லை. அன்றைக்குக் கரைக்கு வந்து கயிற்றைப் பிடித்தவனுக்கு அது கிடைக்கும். வராதவனுக்கு இல்லை. வலையிற் பாதி உரிமை உடையவனாயினும் அவன் கறிக்குக் கூடுதலாக அள்ளிக்கொண்டு போவதில்லை.

கப்பற் கும்பனியின் வரவு இந்தக் கறிமீன் போன்றது. நூறு பங்கு உடையவருக்கும் ஒரு வாரப் பயணத்தில் 100 டொலர்தான். இலட்சம் பங்கு உடையவருக்கும் அதே 100 டொலர்தான். இலாபப் பங்கீடு பெரியவருக்குப் பெரிதாகவும் சிறியவருக்குச் சிறிதாகவும் போகும். இதுவோ எல்லாருக்கும் ஒரே பிடி. அதன் செலவு கும்பனியின் பொதுப் பெட்டியிலிருந்து, அதாவது எல்லாப் பங்காளரின் உடைமையிலிருந்தும், போகிறது. ஆகவே பெரும் பங்காளரின் செலவிற் சிறு பங்காளருக்குக் கிடைக்கும் ஒரு சிறு நன்மை என்றே இதைச் சொல்லவேண்டும். சிறுமுதல் உடையவரைக் கவனியாத பெருங் கும்பனி உலகில் இஃது ஓர் அபூர்வமான மரியாதை. அதைக் குறைகூற வேண்டியதில்லை.

குறை வருவது, கறிமீனுக்காக வலை வாங்கப் புறப்படும்போதுதான்.

கணக்கு மிக எளியது. ஒரு பங்கின் விலை 25 டொலர் என்று வைத்துக்கொள்வோர், 100 பங்குக்கு 2500 டொலர் முதலிடுகின்றனர். ஆண்டில் ஒருமுறை ஏழு நாட் பயணம் சென்றால் 100 டொலர் வரவு. நூற்றுக்கு நான்கு என்ற வீதம் ஆகிறது. இரண்டுமுறை பதினான்கு நாட் பயணம் சென்றால் 500 டொலர், நூற்றுக்கு இருபது. கேட்பதற்கு இனிக்கிறது. ஆயினும் அவ்விரு பயணங்களுக்கும் சீட்டு வாங்கிய ஆயிரக்கணக்கான டொலர் இக்கணக்கில் ஏறவில்லை. எப்படியும் போகவிருந்தவருக்கே அது இலாபம். சலுகைக்காகப் போனவருக்குச் செலவு. பயணமே செய்யாத ஆண்டிற் கிடைப்பது சுழியம்.

இதனிலும் முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. நூறு பங்கு வைத்திருப்பவருக்குப் பங்கின் விலை ஒரு டொலர் இறங்கினால் நட்டம் 100 டொலர். அஃதாவது ஒரு வாரப் பயணத்தின் சலுகை முழுவதும், சந்தையில் ஒரு டொலர் சரிந்தாற் கரைந்துபோகும். ஒரு டொலர் ஏறினால், எந்தக் கப்பலிலும் ஏறாமலே அதே 100 டொலர் கிடைக்கும். பங்குச் சந்தையில் இத்தகைய ஏற்ற இறக்கம் ஒரே நாளில் நிகழக்கூடியது. சலுகை கையளவு, விலையின் அலை ஆளுயரம்.

அந்த அலை எவ்வளவு உயரம் எழும் என்பதை 2020 ஆம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டு பெப்ரவரியிற் கார்னிவல் குழுமத்தைச் சேர்ந்த 'டயமண்ட் பிரின்சஸ்' கப்பல் யப்பானின் யோக்ககாமாத் துறையிற் கொரோனாத் தொற்றுக் காரணமாகத் தடுத்து வைக்கப்பட்டது. அதிலிருந்த ஏறத்தாழ 3700 பேரில் 700க்கு மேற்பட்டோரைத் தொற்றுப் பற்றியது. மார்ச்சு மாதத்தில் உலகெங்கும் உல்லாசக் கப்பல்கள் நின்றன. கப்பல் ஓடாவிட்டாலும் கப்பலுக்குச் செலவு ஓடும். மாலுமிக்கு உணவும் இயந்திரத்துக்கு எண்ணெயும் கடனுக்கு வட்டியும் கொடுத்தே ஆகவேண்டும். கும்பனி இலாபப் பங்கீட்டை நிறுத்தியது. ஏப்பிரல் தொடக்கத்திற் பணந் திரட்டுவதற்காகப் புதிய பங்குகளைப் பங்கொன்று 8 டொலருக்கு விற்றது. சனவரியில் அதே பங்கு ஏறத்தாழ 50 டொலர் விலை பெற்றிருந்தது. நூறு பங்கு வைத்திருந்தவரின் 5000 டொலர், மூன்று மாதத்தில் 800 டொலர் ஆயிற்று. பழைய பங்காளருக்கு இன்னொரு இழப்பும் இருந்தது. புதிய பங்குகள் சேரச் சேர, கும்பனியில் அவர்தம் கூறு சிறுத்தது. பத்துப் பேர் இழுத்த வலையைப் பதினைந்து பேர் பங்கிடுவது போன்ற நிலை. சலுகை மட்டும் தாளில் அப்படியே இருந்தது. ஏறிச் செல்லக் கப்பல் இல்லை.

இங்கே பழைய வரலாறு ஒன்று இடையில் வந்து நிற்கிறது. அதைச் சொல்லாமற் போவது முறையன்று. ஏனெனில் அதன் ஒரு கரை தூத்துக்குடி, மறுகரை கொழும்பு.

கார்னிவல் குழுமத்திற் பீ அண்ட் ஓ என்னும் பெயருடைய கப்பல்களும் உள்ளன. பெனின்சுலர் அண்ட் ஓரியன்டல் என்பதன் சுருக்கம் அது. 1837 இல் தொடங்கிய அந்த ஆங்கிலக் கும்பனி, 1844 இலேயே மத்தியதரைக் கடலில் உல்லாசப் பயணம் நடத்தியது. நாவலாசிரியர் தாக்கரேக்கு அவ்வாண்டு இலவசச் சீட்டுக் கொடுத்தது. அவர் அப்பயணத்தைப் புத்தகமாக எழுதினார். சலுகையின் பயனைக் கப்பற்காரர் அன்றே அறிந்திருந்தனர் போலும். அதே கும்பனி 1987 இல் யூரோப்பியன் ஃபெரீஸ் என்ற கடவைக் கும்பனியை வாங்கிய பின்னர், இங்கிலாந்தின் டோவருக்கும் பிரான்சின் கலேக்கும் இடையே ஓடும் கப்பல்களிற் சலுகைப் பங்கு உடையவருக்கு அரைக் கட்டணம் வழங்கியது. 600 பவுண் பெறுமதியான அப்பங்குக்கு நூற்றுக்கு ஐந்தரை வீதம் வருமானமும் உண்டு. வருமானத்துக்காக அன்றி, விடுமுறைக்குக் காரோடு பிரான்சுக்குப் போய்வருவதற்காகவே அதை வாங்கி வைத்திருந்த ஆங்கிலக் குடும்பங்கள் பல. பங்காளர் சலுகை என்ற மரபுக்கு அதுவும் ஒரு முன்னோடி. பீ அண்ட் ஓவின் உல்லாசக் கப்பற் பகுதி 2000 ஆம் ஆண்டிற் தனிக் கும்பனியாகப் பிரிந்து, 2003 இற் கார்னிவலுடன் இணைந்தது.

இந்தப் பீ அண்ட் ஓ, 1914 இல் ஒரு பெரிய கும்பனியைத் தன்னுடன் சேர்த்துக்கொண்டது. அதன் பெயர் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நவிகேஷன் கும்பனி. தமிழருக்கு மறக்கமுடியாத பெயர். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிற் கப்பலோட்டும் வணிகத்தை ஏகபோகமாக வைத்திருந்தது அதுவே. அதற்கு எதிராகவே வ. உ. சிதம்பரம்பிள்ளை 1906 ஆம் ஆண்டு அக்டோபர் 16 ஆம் நாளிற் சுதேசி ஸ்டீம் நவிகேஷன் கும்பனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 இலட்சம் ரூபாய். அது 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் தலைவர். இந்தியர் மட்டுமன்றி இலங்கையரும் ஏனை ஆசிய நாட்டினரும் பங்கு வாங்கலாம் என்பது விதி. ஹாஜி முகமது பக்கீர் சேட் என்னும் வணிகர் ஒருவரே 8000 பங்குகளை, அதாவது 2 இலட்சம் ரூபாய்க்கு, வாங்கினார். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. கடைக்காரரும் வக்கீலும் நிலக்கிழாரும் ஒன்றும் இரண்டுமாக வாங்கினர். 'காலியா', 'லாவோ' என இரண்டு கப்பல்கள் வாங்கப்பட்டு 1907 இல் தூத்துக்குடிக்கு வந்தன. ஒவ்வொன்றும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பயணிகளையும் ஆயிரக்கணக்கான மூட்டைச் சரக்கையும் ஏற்றவல்லது.

எதிர்க் கும்பனி என்ன செய்தது? கட்டணத்தைக் குறைத்தது. கொழும்புக்குப் போக ஒரு ரூபாய் என்ற அளவுக்கு இறக்கிற்று. சுதேசிக் கும்பனியும் தன்னால் இயன்றவரை குறைத்தது. பின்னர், கட்டணமே வேண்டாம், இலவசமாக வரலாம், வருவோருக்கு ஒரு குடையும் தருவோம் என்று வெள்ளையர் கும்பனி அழைத்ததாகச் செய்தி வழிவழியாக வழங்கிவருகிறது. பயணிக்குச் சலுகை கொடுத்துத் தன் பக்கம் இழுக்கும் உத்தி இதைவிட அப்பட்டமாக எங்கும் நடந்திராது. பெருமுதல் உடையவர் நட்டத்தை ஓராண்டு, ஈராண்டு தாங்குவர். மற்றவர் கடை மூடியபின் குடையின் விலையையும் சேர்த்து வாங்கிக்கொள்வர்.

அந்நாளிற் சுதேசிக் கும்பனியிற் பங்கு வைத்திருந்த ஒருவரைக் கருதிப் பார்க்கலாம். கொழும்புக்குப் போகவேண்டிய அவர் தூத்துக்குடித் துறையில் நிற்கிறார். ஒரு பக்கம் இலவசமும் குடையும். மறுபக்கம் தன் 25 ரூபாய் போட்டு வாங்கிய கப்பல். அதிற் சீட்டுக்குக் காசு கொடுத்தாகவேண்டும். பங்காளர் என்பதற்காக அவருக்குக் கழிவில்லை, கறிமீனில்லை. தன் கப்பலில் ஏறுவது அவருக்குச் செலவு. ஏறாதுவிடின் அவர் பங்குக்கே நட்டம். இன்றைய கப்பற் கும்பனி பங்காளனை வாடிக்கையாளனாக்கிக்கொள்ளச் சலுகை கொடுக்கிறது. அன்றைய கும்பனி, வாடிக்கையாளனாக இருப்பதைப் பங்காளனின் கடமையாகக் கேட்டது. இரண்டிலும் கருத்து ஒன்றுதான்: உடைமையாளன் வேறிடத்துச் சீட்டு வாங்கக்கூடாது. கேட்ட முறைதான் வேறு.

1908 மார்ச்சு 12 ஆம் நாள் சிதம்பரம்பிள்ளை சிறைப்படுத்தப்பட்டார். அவ்வாண்டு ஜூலையில் இரட்டை ஆயுட்டண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் குறைக்கப்பட்டு 1912 இறுதியில் விடுதலையானார். அவர் வெளியே வந்தபோது கும்பனி இல்லை. 1911 இலேயே அது கலைக்கப்பட்டிருந்தது. கப்பல்கள் விற்கப்பட்டன. பங்குப் பத்திரங்கள் வெறுங் காகிதமாயின. குடை கொடுத்த கும்பனி பீ அண்ட் ஓவிற் சேர்ந்தது. பீ அண்ட் ஓவின் ஒரு கிளை கார்னிவலிற் சேர்ந்தது. இன்று அக்குழுமத்தின் கப்பலில் ஏறும் தூத்துக்குடியாரோ கல்முனையாரோ தம் அறைக்கணக்கிற் பங்காளர் வரவு எழுதப்பட்டிருப்பதைக் காணும்போது, அது எத்தனை கை மாறி வந்த பழக்கம் என்பதை எண்ணாதிருக்கலாம். எண்ணினாற் சிறிது சிரிப்பு வரும்.

உடைமையும் வாடிக்கையும் ஒன்றாக இணைந்த இன்னொரு முறையை இப்பகுதியார் நன்கறிவர். இரண்டாம் உலகப்போர்க் காலத்திற் பங்கீட்டுப் பொருள்களுக்காக ஊர்தோறும் எழுந்த ஐக்கிய பண்டகசாலைகள் அம்முறையைச் சேர்ந்தவை. 1844 இல் இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் 28 பேர் தொடங்கிய கடையில், இலாபம் உறுப்பினருக்கு அவரவர் வாங்கிய பொருளின் அளவுக்கேற்பப் பகிரப்பட்டது. கும்பனிச் சலுகைக்கும் இதற்கும் வேறுபாடு பெரிது. சங்கத்தின் பகிர்வு விதியால் வருவது. உறுப்பினர் கூடி முடிவு செய்வது. கும்பனியின் சலுகை நிருவாகிகளின் விருப்பால் வருவது. அடுத்த ஆண்டு அது நின்றுபோனாற் கேட்பதற்கு உரிமையில்லை.

கல்முனைப் பகுதி முஸ்லிம்களிடையே வேறொரு கேள்வியும் எழும். உல்லாசக் கப்பற் கும்பனியின் வருமானத்தில் மதுவும் சூதாட்டமும் பங்குபெறுகின்றன. சலுகைத் தொகையைச் சூதாட்ட மண்டபத்திற் செலவிடாதிருப்பது மட்டும் போதுமா, அவ்வருமானமுடைய கும்பனியிற் பங்கு வைத்திருப்பதே கூடுமா என்பது சலுகையைவிடப் பெரிய கேள்வி. கூட்டு முதலில் இலாப நட்டத்தைப் பகிர்வதை மார்க்கம் ஏற்கிறது. முதல் எந்தத் தொழிலில் இறங்குகிறது என்பதையும் அது கேட்கிறது. பங்கு வாங்கிய பின்னர் அன்று, வாங்குவதற்கு முன்னரே உலமாக்களிடம் விளக்கம் பெறுவது தக்கது. அன்றியும் இலங்கையில் வசிப்பவர் வெளிநாட்டுப் பங்கு வாங்குவதற்கு அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு அமைந்து நடக்கவேண்டும். ஆதலின் இச்சலுகை நடைமுறையிற் பெரும்பாலும் கடல் கடந்து வாழ்வோருக்கே கைகூடும்.

ஏற்கெனவே பங்கு உடையவராய், எப்படியும் பயணம் போகவிருப்பவருக்கு இச்சலுகையைப் பெறுதல் கடினமன்று. ஆனாற் கேளாமற் கிடைக்காது. பங்குகள் பொதுவாகத் தரகர் நிலையத்தின் பெயரிலேயே பதிவாகியிருப்பதால், கப்பலில் ஏறுபவர் தன் பங்காளர் என்று கும்பனிக்குத் தானாகத் தெரிய வழியில்லை. பயணத்துக்கு மூன்று வாரத்துக்கு முன்னராவது, பெயர், பதிவிலக்கம், கப்பலின் பெயர், புறப்படும் நாள் என்பவற்றுடன் பங்குடைமைக்குச் சான்றும் அனுப்பவேண்டும். தரகர் தரும் கணக்கு அறிக்கையின் பிரதி போதும். அதிற் கணக்கிலக்கத்தை மையால் மறைத்து அனுப்பலாம் என்று கார்னிவலே கூறிவந்துள்ளது. மறைப்பதே நன்று. குழுமத்தின் ஒவ்வொரு கப்பல் வரிசைக்கும் விண்ணப்பம் போகும் இடம் வேறுபடக்கூடும் என்பதையும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

சான்றாக ஏற்கப்படும் இன்னொரு தாள், பொதுக்கூட்டத்துக்கு வரமுடியாத பங்காளர் தம் வாக்கைப் பிறர் வழியே அளிப்பதற்காக ஆண்டுதோறும் அனுப்பப்படும் வாக்குச் சீட்டு. அதன் பிரதியை எடுத்துச் சலுகைக்கு அனுப்பிவிட்டு, மூலச் சீட்டை வாக்களியாமலே குப்பையில் இடுவோர் உண்டு. நிருவாகிகள் யார், அவர் ஊதியம் என்ன என்பதைப் பற்றிக் கருத்துச் சொல்லும் உரிமை அந்தச் சீட்டில்தான் இருக்கிறது. 100 பங்கின் வாக்குக் கோடிக்கணக்கான பங்கின் நடுவே ஒரு துளிதான். இருந்தும், அத்தாளின் இரு பயன்களில் எது பங்காளனுக்குரியது, எது பயணிக்குரியது என்பது வெளிப்படை.

விண்ணப்பம் ஏற்கப்பட்டதற்குக் கடிதம் வந்தால் அதன் பிரதியைக் கையோடு கொண்டுபோகவேண்டும். கப்பலேறிய முதல் நாளிலேயே வரவேற்பு மேசைக்குச் சென்று, அறைக்கணக்கில் வரவு எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்டறிவது நல்லது. இறுதி நாட் காலையில் அங்கே நிற்கும் வரிசை நீளமானது. வரவு இருப்பது உறுதியானால், எப்படியும் வாங்கவேண்டிய ஒன்றுக்கு, துறைமுகச் சுற்றுலாவுக்கோ தொலைத்தொடர்புக் கட்டணத்துக்கோ, அதை முதலிலேயே கழித்துவிடுவது அறிவுடைமை. எஞ்சியதைப் பணமாகத் தரமாட்டார்கள் என்பது தெரிந்து, கரைசேரும் முதல்நாள் இரவிற் கப்பற் கடையில் நங்கூரப் படம் போட்ட சட்டையை எடுத்து, அளவு பாராமலே வாங்கி வருவோரும் உண்டு.